கைப்பக்குவத்தின் கணக்கு

காஞ்சிபுரத்தின் தென்கோடியில், பாலாற்றுப் பக்கம் போகும் வழியில் இருக்கிறது செவிலிமேடு. அங்கே சாலைக் கிணறு என்று ஒரு கிணறு உண்டு. காசி யாத்திரையின்போது விந்திய மலைக் காட்டில் தனியாக விடப்பட்ட இளம் ராமானுஜரை ஒரு வேடனும் வேடுவச்சியும் வழிகாட்டி அழைத்து வந்தார்களாம். வேடுவச்சி தாகம் என்றாள். அவர் இந்தக் கிணற்றில் இறங்கித் தண்ணீர் எடுத்துக் கொடுத்தார். கொடுத்துவிட்டுப் பார்த்தால் இருவரையும் காணோம். எதிரே காஞ்சியின் கோபுரம் தெரிந்தது. வந்தவர்கள் வரதராஜப் பெருமாளும் பெருந்தேவித் தாயாரும்தான் என்று உணர்ந்தவர், அன்று முதல் நாள்தோறும் இந்தக் கிணற்றிலிருந்து ஒரு குடம் தண்ணீர் சுமந்துபோய்ப் பெருமாளுக்குக் கொடுத்தார் என்பது கதை. கிணற்றருகே அவருக்குக் கோயிலும் இருக்கிறது.

ஓர் ஆண் நாளுக்கு ஒரு குடம் தண்ணீர் சுமந்தார். அதற்குக் கைங்கரியம் என்று பெயர். அதே ஊரில் தலைமுறை தலைமுறையாகப் பெண்கள் நாளுக்குப் பத்துக் குடம் சுமந்தார்கள். அதற்குப் பெயரே இல்லை. ‘தண்ணிக்குப் போயிருக்கா’ என்பதோடு முடிந்துவிடும். ராமானுஜரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. ஒரே வேலை யார் கையில் இருக்கிறது, யாருக்காகச் செய்யப்படுகிறது என்பதைப் பொறுத்து அதற்குப் பெயரும் கோயிலும் கிடைப்பதையும் கிடைக்காமல் போவதையும் சொல்ல, இதைவிட அருகில் எனக்கு வேறு உதாரணம் இல்லை.

இட்லியும் அப்படித்தான். காஞ்சிபுரம் இட்லி என்று உலகம் அறிந்தது வரதராஜப் பெருமாள் கோயில் இட்லி. அரிசியும் உளுந்தும் கொரகொரப்பாக அரைத்து, மிளகு, சீரகம், சுக்கு, பெருங்காயம், நெய் சேர்த்து, மந்தாரை இலை பரப்பிய மூங்கில் குடலையில் ஊற்றி மணிக்கணக்கில் வேகவைக்கிறார்கள். மடப்பள்ளியில் அதைச் செய்வது ஆண்கள். அது உரிமை; முறை வைத்துப் பார்க்கும் பணி. அளவு உண்டு, நேரம் உண்டு, பெயர் உண்டு. அதே இட்லியை வீட்டில் டம்ளரில் ஊற்றி அவித்த பெண்ணுக்குக் கிடைப்பது ஒரே ஒரு சொல்: கைப்பக்குவம்.

இந்தக் கட்டுரை அந்தச் சொல்லைப் பற்றியது. நம் காலத்தில் ‘பாட்டி வீட்டுச் சமையல்’, ‘அம்மாவின் கைமணம்’, ‘சின்ன வயசுச் சுவை’ என்று வகை வகையாக எழுதுகிறார்கள். சமையல் புத்தகங்களின் முன்னுரைகள், வார இதழ் இணைப்புகள், தொலைக்காட்சி நிகழ்ச்சிகள், உணவக விளம்பரங்கள் எல்லாவற்றிலும் இதே குரல். படிக்க இதமாக இருக்கிறது. ஆனால் கவனித்துப் பாருங்கள்: இவை ஏறக்குறைய எல்லாமே பந்தியில் உட்கார்ந்தவரின் நினைவுகள். குழந்தைப் பருவ உணவு நினைவு என்பதே சாப்பிட்டவரின் நினைவு. பரிமாறியவர் அதில் ஒரு கையாக மட்டும் வருகிறார். வளையல் போட்ட கை, கரண்டி பிடித்த கை. முகம் இல்லை, இடுப்பு வலி இல்லை, எத்தனை மணிக்கு எழுந்தார் என்ற தகவல் இல்லை.

செவிலி பார்த்தது

இந்த வகை எழுத்துக்குத் தமிழில் மிகப் பழைய முன்னோடி ஒன்று உண்டு. குறுந்தொகையின் 167ஆம் பாட்டு, கூடலூர் கிழார் பாடியது. மணமாகித் தனிக்குடித்தனம் போன மகளின் வீட்டைப் பார்த்துவிட்டு வந்த செவிலித்தாய், பெற்ற தாயிடம் சொல்வதாக அமைந்தது. மகள் கட்டித் தயிரைக் கையால் பிசைகிறாள். பிசைந்த விரலைக் கழுவாமல் உடுத்திய துணியிலேயே துடைத்துக்கொள்கிறாள். தாளிப்புப் புகை மை தீட்டிய கண்ணில் நிறைகிறது. தானே துழாவிச் சமைத்த புளிக்குழம்பைக் கணவன் இனிது என்று உண்கிறான். அவள் முகம் மெல்ல மலர்கிறது.

வகுப்பறையில் இந்தப் பாட்டை இல்லறத்தின் இனிமைக்குச் சான்றாகச் சொல்வதுதான் வழக்கம். கணவனின் ஒரு சொல்லுக்காக அத்தனை பாடும் மறந்துபோகிறது என்பதே அந்த வாசிப்பின் சாரம். மாணவிகளாக நாமும் அதைத்தான் தேர்வில் எழுதினோம். அதைத் திருப்பி வாசித்தால் இரண்டு விஷயங்கள் தெரிகின்றன.

முதலாவது: அந்தப் பெண்ணுக்குச் சமைக்கச் சொல்லிக்கொடுத்திருக்கக் கூடியவள் இந்தச் செவிலிதான். தன் மாணவி தேறிவிட்டாள் என்று பார்த்துவிட்டு வருகிறாள். ஆனால் மதிப்பெண் போடும் உரிமை அவளிடம் இல்லை. ருசி பார்த்துத் தீர்ப்புச் சொல்வது கணவன். சொல்லிக்கொடுத்தவள் சுவைக்கவில்லை, சமைத்தவள் உண்டாளா என்று பாட்டு சொல்லவில்லை.

இரண்டாவது, எனக்கு இதுதான் முக்கியம்: பாட்டு கறையை மறைக்கவில்லை. அழுக்கான துணி இருக்கிறது, புகை இருக்கிறது, எரியும் கண் இருக்கிறது, உதவிக்கு ஆள் இல்லாமல் தானே துழாவியது இருக்கிறது. ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு கவிதை வேலையைப் பார்த்திருக்கிறது. இன்றைய பாட்டி வீட்டுச் சமையல் எழுத்து புகையை எடுத்துவிட்டு மணத்தை மட்டும் வைத்துக்கொண்டது. விறகடுப்பு அதில் ‘ருசிக்குக் காரணம்’. இருமலுக்குக் காரணம் என்று எங்கும் வருவதில்லை.

2021இல் வந்த ‘தி கிரேட் இண்டியன் கிச்சன்’ என்ற மலையாளப் படம் நம்மில் பலரை உலுக்கியதற்கும் இதுதான் காரணம். ஜியோ பேபி அதில் புதிதாக எதையும் கண்டுபிடித்துச் சொல்லிவிடவில்லை. உணவைக் காட்டிய அதே கேமரா எச்சில் தட்டையும், ஒழுகும் கழுவுதொட்டியையும், மேசைமேல் துப்பிய சக்கையையும் அதே பொறுமையோடு காட்டியது. செவிலியின் கண் திரும்ப வந்தது என்று சொல்லலாம். இந்தமுறை கணவனின் ‘இனிது’ இல்லாமல்.

தறியும் அடுப்பும்

இங்கே என் ஆயாவைச் சொல்லாமல் முடியாது. செவிலிமேட்டில் நெசவு வீடு. பட்டுப் புடவையைத் தாத்தா நெய்தார் என்று ஊர் சொல்லும். நூல் இழைத்தது, தார் சுற்றியது, பாவுக்குக் கஞ்சி வடித்தது, கோர்வைப் புடவை என்றால் எதிர்ப்பக்கம் உட்கார்ந்து நாடா வாங்கித் தள்ளியது எல்லாம் ஆயாவும் பிள்ளைகளும். கூலி புடவைக்கு இத்தனை என்று தறிக்காரர் கணக்கில் வரும். தார் சுற்றியவளுக்குத் தனிக் கணக்கு கிடையாது. அது ‘வீட்டு ஒத்தாசை’. 2019–20இல் நடந்த நான்காவது அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பு, நாட்டின் 35 லட்சத்துக்கும் மேற்பட்ட கைத்தறித் தொழிலாளரில் பத்துக்கு ஏழு பேர் பெண்கள் என்கிறது. ‘நெசவாளர்’ என்று சொன்னதும் நம் மனத்தில் வரும் உருவம் என்னவோ இன்னும் ஆணுடையதுதான்.

ஆயாவின் கருவாட்டுக் குழம்பு எங்கள் உறவில் பேர்போனது. சுண்டி, எண்ணெய் மேலே மிதந்து, மறுநாள் பழைய சோற்றுக்கு இன்னும் ருசியாக இருக்கும். கல்லூரியில் படித்தபோது அதை எழுதி வைக்க ஆசைப்பட்டு, அளவு டம்ளரும் நோட்டுமாகப் பக்கத்தில் நின்றேன்.

“உப்பு எவ்ளோ ஆயா?”

“போடறப்ப கைக்கே தெரியும்டி.”

“எவ்ளோ நேரம் கொதிக்கணும்?”

“ரெண்டு கண்டு நூலு சுத்தி முடியறவரைக்கும்.”

அந்தப் பதிலில்தான் எனக்கு விஷயம் புரிந்தது. குழம்பு அப்படிச் சுண்டியதற்குக் காரணம் ஏதோ ரகசியப் பக்குவம் இல்லை. அடுப்பைத் தணித்து வைத்துவிட்டு அவள் ராட்டைக்குப் போயாக வேண்டும். நின்று கிண்ட ஆள் இல்லாத குழம்பு தானாகவே சுண்டும்படி அமைந்தது. புளியைக் கூட்டிக் கரைத்ததும் அதற்காகத்தான்: இரண்டு நாள் தாங்கினால் இரண்டு நாள் அடுப்பு வேலை மிச்சம். இட்லிக்கு மாவு ஏன் கொரகொரப்பு என்று கேட்டதற்கும் “நைஸா அரைக்க யாருக்கு நேரம் இருக்கு?” என்றாள். கோயிலில் மரபு என்று சொல்லப்படும் அதே பதம், அவள் வீட்டில் நேரக் கணக்கு.

நாம் ருசி என்று நினைவில் வைத்திருப்பதில் பாதி, இரண்டு வேலைகளை ஒரே உடம்பில் நடத்திய ஒரு பெண்ணின் திட்டமிடல். அதை ‘அன்பைக் கலந்து சமைத்தாள்’ என்று சொல்லும்போது அவளுடைய அறிவை எடுத்துவிட்டு அன்பை வைக்கிறோம். அன்பு இல்லை என்று யார் சொன்னது? ஆனால் தறிக்கு அன்பு போதும் என்று எவரும் சொல்வதில்லை. அங்கே தொழில் தெரிய வேண்டும் என்கிறோம். அடுப்புக்கு மட்டும் ஏன் அன்பு போதுமானதாகிவிடுகிறது?

அளவு என்னும் அதிகாரம்

கைக்குத் தெரியும், கண்ணளவு, குத்துமதிப்பு என்ற பேச்சு நமக்கு மட்டும் உரியதில்லை. மலாய் வீட்டுச் சமையலில் இதற்கு ‘அகாக் அகாக்’ என்று ஒரு சொல் இருக்கிறது. உத்தேசமாக, ஊகித்து என்று பொருள். தேங்காய்ப்பாலில் இறைச்சியை மணிக்கணக்காகக் கிளறிச் சுண்டவைக்கும் ரெண்டாங்குக்குப் பாட்டிமார் அளவு சொல்லமாட்டார்கள். அகாக் அகாக் என்பார்கள். மலேசிய, சிங்கப்பூர் வீடுகளின் குழந்தைப் பருவ உணவு நினைவுகளில் இந்தச் சொல் திரும்பத் திரும்பச் செல்லமாக வரும். நம் இடியாப்பம் அங்கே ‘புத்து மாயம்’ ஆனது, அப்பம் ‘அப்பம்’ என்றே நின்றது. உணவு மட்டும் கடல் கடக்கவில்லை. அளவு சொல்லாத பாட்டி என்ற உருவமும் இரு கரையிலும் ஒன்றாகவே இருக்கிறது. மலேசியாவின் காலை உணவுப் பண்பாட்டை, நாசி லெமாக்கும் ரொட்டி சானாயும் தே தாரேக்கும் சேர்த்து, 2024 டிசம்பரில் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் ஏற்றது. பல இனத்தாரும் ஒரே மேசையில் உண்பது அதில் கொண்டாடப்பட்டது. விடியுமுன் எழுந்து வீட்டில் தேங்காய்ப்பால் சோறு பொங்கி வாழையிலையில் மடித்த பெண், அந்த மேசையின் அடியில் எங்கோ இருக்கிறாள்.

கண்ணளவை நாம் கவிதையாக ரசிக்கிறோம். ஆனால் எழுதப்படாத அறிவு, அந்தப் பெண்ணோடு போய்விடும். அவளை மதிப்பிட யாரும் கேட்கவும் மாட்டார்கள். கணக்கு எழுதப்பட்ட வேலைக்குத்தான் கூலி கேட்க முடியும். அந்த வகையில் எஸ். மீனாட்சி அம்மாளின் ‘சமைத்துப் பார்’ (1951) தமிழ்ப் பெண் எழுத்தின் வரலாற்றில் இடம்பெற வேண்டிய நூல். இளம் வயதில் கணவரை இழந்தவர். உறவுப் பெண்கள் கடிதம் எழுதிச் சமையல் கேட்க, பதில் எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தவர். உறவினரான வழக்கறிஞர் கே. வி. கிருஷ்ணசாமி ஐயரின் தூண்டுதலில் அதை நூலாக்கினார். கைம்பெண் ஒருத்தி சமையலறை மூலையில் மறைந்துபோவதே விதி என்றிருந்த சமூகத்தில், சமையலறையைக் கொண்டே ஆசிரியர் ஆனார். ‘இத்தனை பேருக்கு இத்தனை’ என்று அளவு சொன்னதன் மூலம், இது பிறவிக் கைராசி இல்லை, கற்கக்கூடிய தொழில் என்று அறிவித்தார். மாமியாரைக் கேட்டு நிற்கத் தேவையில்லாமல் ஒரு புதுப்பெண் தனியூரில் சமைக்க முடிந்தது. கல்யாணச் சீரோடு போன அந்த நூலைச் சீதனப் பொருள் என்று மட்டும் பார்ப்பது தவறு.

ஆனால் அந்த நூலுக்கு நாம் தரும் மரியாதையோடு ஒரு கேள்வியும் போக வேண்டும். அது ஒரு பிராமணச் சைவச் சமையலறையின் நூல். அதை அவர் மறைக்கவில்லை. அதன் வெற்றிக்குப் பின் ‘பாரம்பரியத் தமிழ்ச் சமையல்’ என்பதே அந்த ஒரு சமையலறையாகக் குறுகியதுதான் சிக்கல். காஞ்சிபுரம் என்றால் கோயில் இட்லியும் புளியோதரையும். நெசவுத் தெருக்களில் மதியம் வீசும் கருவாட்டு வாசம் எந்த நகர வழிகாட்டியிலும் இல்லை. திருப்பதி லட்டுக்கு 2009இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பழனி பஞ்சாமிர்தத்துக்கு 2019இல் கிடைத்தது. கோயிலில் பிறந்த உணவுக்கு ஊரின் பெயர் எளிதில் ஒட்டிக்கொள்கிறது. பின்கட்டில் பிறந்த உணவுக்கு ‘எங்க வீட்டுல இப்பிடித்தான்’ என்பதே முகவரி.

யாருடைய கை?

இதுவரை சொன்னதில் பெண்கள் எல்லோரும் ஒரே பக்கம் நிற்பதுபோலத் தெரியலாம். அப்படி இல்லை. அதற்கும் காஞ்சிபுரத்திலேயே ஒரு கதை இருக்கிறது. சாலைக் கிணற்று ராமானுஜரின் மனைவி தஞ்சமாம்பாளின் கதை.

திருக்கச்சி நம்பி பிராமணர் அல்லாத அடியார். அவரை வீட்டுக்கு அழைத்து உணவளித்து, அவர் உண்ட மிச்சத்தைத் தான் உண்ண வேண்டும் என்று விரும்பினார் ராமானுஜர். அவர் ஒரு தெரு வழியாக நம்பியைத் தேடிப்போக, நம்பி வேறு தெரு வழியாக வந்து, கோயில் பணி இருக்கிறது என்று உடனே உண்டுவிட்டுப் போனார். தஞ்சமாம்பாள் அந்த இலையைக் கோலால் தள்ளி எறிந்தாள். இடத்தைச் சாணமிட்டு மெழுகினாள். குளித்துவிட்டு கணவனுக்குப் புதிதாக உலை வைத்தாள். பிறகொரு நாள் ஆசிரியர் பெரிய நம்பியின் மனைவியோடு கிணற்றடியில் குடத்துத் தண்ணீர் தெறித்ததற்காகச் சண்டை. இன்னொரு நாள் பசித்து வந்தவருக்குச் சோறு இல்லை என்றாள். குருபரம்பரைக் கதைகள் அவளை இப்படி மூன்று முறை குற்றவாளி ஆக்குகின்றன. இலை, குடம், சோறு: மூன்றும் அடுப்படிக் குற்றங்கள். முடிவில் அவளைத் தாய்வீட்டுக்கு அனுப்பிவிட்டு அவர் துறவியானார். அவளைப் பற்றி அதற்குமேல் யாரும் எழுதவில்லை.

இந்தக் கதையை இரண்டு விதமாக வாசிக்க வேண்டியிருக்கிறது. ஆசாரத்தைக் காக்கும் வேலையை வீடு அவளிடம் ஒப்படைத்திருந்தது. இலையை எப்படி எடுப்பது, யாருடைய குடம் படலாம் என்பதெல்லாம் அவளுக்குக் கற்பிக்கப்பட்டவை. கணவன் அந்த விதியைக் கடந்தபோது அவர் மகான். விதியைக் காத்த அவள் கொடியவள். கடக்கும் வழி அவளுக்குத் திறந்திருக்கவே இல்லை. இது ஒரு வாசிப்பு. மற்றது: கோலால் தள்ளப்பட்டது ஒரு மனிதரின் இலை. தள்ளியது ஒரு பெண்ணின் கை. எந்தப் பெண்ணிய வாசிப்பும் அந்தக் கோலை மறைக்கக் கூடாது.

கைப்பக்குவம் என்ற சொல்லின் அடியில் இருப்பது இதுதான். கையைப் புகழும்போது, எந்தக் கை என்ற கேள்வி ஏற்கெனவே தீர்க்கப்பட்டிருக்கிறது. 2018இல் திருப்பூர் மாவட்டத்தில் ஓர் அரசுப் பள்ளியில் சத்துணவு சமைக்க வந்த பட்டியல் சாதிப் பெண் சமைக்கக் கூடாது என்று ஆதிக்க சாதியினர் எதிர்த்தார்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் பதிவானது. அங்கே யாரும் பக்குவத்தைப் பற்றிப் பேசவில்லை. ருசி பார்க்கும் இடம் வரைக்கும் அந்தச் சோறு போகவே இல்லை.

என் ஆயா வீட்டுப் பின்கட்டில், கவிழ்த்து வைத்த அலுமினிய லோட்டா ஒன்று இருந்தது. சாக்கடை தள்ள வருபவருக்கு அதில்தான் காபி. ஆயாதான் ஊற்றினாள், உயரத்திலிருந்து. கருவாட்டுக் குழம்பைப் பற்றி உருகி எழுத வரும்போது அந்த லோட்டா நினைவுக்கு வராமல் இருப்பதற்குச் சின்ன வயசு என்ற சாக்கு நல்ல வசதி. குழந்தைப் பருவச் சமையல் எழுத்தின் மிகப் பெரிய குறை இதுதான் என்று நினைக்கிறேன். அது குழந்தையின் அறியாமையை வளர்ந்தவரின் வசதிக்குப் பயன்படுத்துகிறது.

மணிக்கு ஏழு ரூபாய்

2019இல் மத்திய அரசு நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், ஊதியமில்லா வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்கு 299 நிமிடம் செலவிட்டார்கள். அவ்வேலை செய்யும் ஆண்கள் 97 நிமிடம். 2024இல் அது பெண்களுக்கு 289, ஆண்களுக்கு 88. பெண்களுக்குப் பத்து நிமிடம் குறைந்தது. ஆண்கள் தங்கள் பங்கில் ஒன்பது நிமிடத்தைக் குறைத்துக்கொண்டார்கள். அதுவும் வீட்டு வேலையில் கைவைக்கும் ஆண்களை மட்டும் எடுத்துக்கொண்ட கணக்கு இது.

2023 செப்டம்பர் 15 அன்று, அண்ணா பிறந்த ஊரான இதே காஞ்சிபுரத்தில், கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டத்தை முதலமைச்சர் தொடங்கிவைத்தார். ஏறத்தாழ 1 கோடியே 6 லட்சம் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய். உதவித்தொகை என்று சொல்லாமல் உரிமைத்தொகை என்று பெயரிட்டதும், பெண்களின் வீட்டு உழைப்புக்கான அங்கீகாரம் என்று அரசே அறிவித்ததும் சிறிய விஷயங்கள் அல்ல. அந்தப் பெயரை நாம் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். பிடித்துக்கொண்டே கணக்கும் போடலாம். 289 நிமிடம் வீதம் முப்பது நாளுக்கு நூற்று நாற்பத்துநான்கரை மணி நேரம். ஆயிரம் ரூபாயைப் பங்கிட்டால் மணிக்கு ஏழு ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு. இது கூலி என்று யாரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. ஆனால் மதிப்பு என்று ஒன்று உண்டு என ஏற்றுக்கொண்டபின், எவ்வளவு என்று கேட்பது அடுத்த படி.

பணத்தோடும் இது முடியாது என்பதை அம்பை ‘வீட்டின் மூலையில் ஒரு சமையலறை’ கதையில் காட்டினார். அதே தலைப்பிலான தொகுப்பு 1988இல் வந்தது. ராஜஸ்தானத்துப் பெரிய வீடு ஒன்றில், மூலையில் போனால் போகிறது என்று கட்டிய இருட்டுச் சமையலறை. அந்த இருட்டின் ஆட்சி மாமியாரிடமிருந்து மருமகளுக்குக் கைமாறுகிறது. அந்த ஆட்சியைத்தான் அவர்கள் தங்கள் பலம் என்று நம்புகிறார்கள். ஜன்னலைப் பற்றிப் பேசும் மருமகள்தான் வீட்டுக்குப் புதிர். கைப்பக்குவம் என்ற பட்டமும் அப்படி ஓர் ஆட்சிதான். என் குழம்பு யாருக்கும் வராது என்று பெருமைப்படும் பெண்ணுக்கு, அந்தக் குழம்பை இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டு வெளியே போகும் வழியும் அடைபடுகிறது. உனக்குத்தான் நன்றாக வரும் என்று ஆண்கள் புகழ்வதன் பயனும் அதுவே.

எழுதும் முறை

அப்படியானால் குடும்பச் சமையலை எழுதவே கூடாதா? எழுத வேண்டும். எழுதாமல் விட்டால் ஆயாக்களோடு போய்விடும். சாப்பிட்டவரின் இடத்திலிருந்து எழுதுவதைத்தான் நிறுத்த வேண்டும். பொருள்களின் பட்டியலில் உழைப்பும் வர வேண்டும்; யார் உண்ணவில்லை, யாருக்குத் தனி லோட்டா என்பதும் வர வேண்டும். நான் எழுதி வைத்திருக்கும் ஒரு பக்கத்தைச் சொல்கிறேன்.

புரட்டாசி சனிக்கிழமை, டம்ளர் இட்லி, பதினோரு பேருக்கு. பச்சரிசி ஒரு படி, புழுங்கலரிசி ஒரு படி, உளுந்து ஒரு படி. மிளகு, சீரகம் ஒன்றிரண்டாக இடித்தது, சுக்கு, பெருங்காயம், புளித்த தயிர் ஒரு டம்ளர். நெய்க்கு வசதி இல்லாததால் நல்லெண்ணெய். மந்தாரைக்குப் பதில் வாழையிலைத் துண்டு. களைந்து ஊறவைத்தது ஆயா, வெள்ளிக்கிழமை காலை, தார் சுற்ற உட்காருமுன். ஆட்டுக்கல்லில் அரைத்தது அத்தையும் ஆயாவும் மாறி மாறி, ஒன்றேமுக்கால் மணி நேரம். மிளகு இடித்தது நான், பத்து நிமிடம். சனிக்கிழமை ஆயா எழுந்தது நாலு மணி. ஐந்து ஈடு அவித்தாள், ஈடுக்கு அரை மணிக்கு மேல். துளசி மாலை வாங்கி வந்தது தாத்தா. முதலில் படையல், பிறகு ஆண்கள், பிள்ளைகள், அத்தை. ஆயா சாப்பிட்டது பன்னிரண்டரை மணிக்கு, அடி டம்ளரில் ஒட்டியதைச் சுரண்டி. சாக்கடை தள்ள வந்தவருக்கு இரண்டு துண்டு, இலையில், கொல்லை வாசலில்.

ஆயாவுக்கு வாசிக்கத் தெரியாது. எழுதியதை முழுக்கப் படித்துக் காட்டினேன். கொல்லை வாசல் வந்த இடத்தில் பேசாமல் இருந்தாள். முடித்ததும் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சொன்னாள்:

“எல்லாம் சரி. தண்ணி எடுத்தத எழுதலியே.”

எத்தனை குடம் என்று கேட்டேன். விரல் விட்டு எண்ணி, ஆறு என்றாள். அரிசி, உளுந்துக்கு மேலே, முதல் வரியாக அதை எழுதினேன்.